விபூதிப் புதனும் வாட்ஸ்அப் ஜெபமும்: டர்பன் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கிறது. ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, எந்தச் சபையிலும் சேராதவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். ஜெபம் முக்கால் மணி நேரம், அப்புறம் டீயும் பேச்சும் ஒன்றரை மணி நேரம். கேள்விகள் டீயோடுதான் வரும். பழைய முறை, புதிய முறை பற்றித் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் போதகர் இல்லை. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"பழைய முறை", "புதிய முறை" என்கிறீர்களே, எது பழையது?

தகராறே இந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஊரிலிருந்து வரும்போதே ஜெபமும் பாட்டும் கொண்டுவந்தார்கள். இங்கே வந்தபின் வெள்ளைக்கார மிஷனரிகளின் ஒழுங்கு சேர்ந்தது. பிறகு ஜே. எஃப். ரோலண்ட்ஸின் பெதஸ்தா போன்ற பெந்தெகொஸ்தே இயக்கங்கள் வந்து, ஏராளமான இந்துக் குடும்பங்கள் கிறிஸ்தவர்களாயின.

ஆகவே எங்கள் ஊரில் மூன்று வகைப் பழசு இருக்கிறது. ஆதி சபையின் பழசு: உபவாசம், நேரம் தவறாத ஜெபம், அப்பம் பிட்குதல். மிஷன் பழசு: பாமாலை, ஆர்மோனியம், நீள பெஞ்சு, ஞாயிற்றுக்கிழமை தொப்பி. வீட்டுப் பழசு: தாலி, மஞ்சள், கீர்த்தனை, வாசலில் செருப்பைக் கழற்றுவது. ஒருவர் "பழையதை விடக்கூடாது" என்று முதலாவதை நினைத்துச் சொல்வார். கேட்கிறவர் மூன்றாவதை நினைத்துக்கொண்டு கோபப்படுவார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

பரலோக ராஜ்யத்துக்கடுத்தவைகளில் தேறினவன், தன் பொக்கிஷத்திலிருந்து புதியதையும் பழையதையும் எடுத்துக்கொடுக்கிற வீட்டுக்காரனுக்கு ஒப்பானவன் என்று மத்தேயு 13-ல் இயேசு சொல்கிறார். எடுத்துக்கொடுக்கிறவனுக்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நான் வைத்திருக்கும் சோதனை எளிது. ஒரு வழக்கத்தை ஏன் செய்கிறோம் என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டால், ஒரே வாக்கியத்தில், வெட்கப்படாமல் பதில் சொல்ல முடியுமா? முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் உடனே தூக்கிப் போடவும் வேண்டாம், கொஞ்சம் விசாரியுங்கள்.

பழைய கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறார்களே, அது விபூதிதானே?

இதைக் கேட்டவர் மூன்று வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்த தம்பி. வீட்டில் விபூதித் தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்தவர். முதல் தடவையாக ஒரு கத்தோலிக்க நண்பரோடு லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாச காலம்) தொடக்கத்தில் கோயிலுக்குப் போய், குருவானவர் சாம்பலோடு நெருங்கி வந்ததும் பின்வாங்கிவிட்டார்.

அவர் பயந்ததில் வியப்பில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் அந்த நாளை "விபூதிப் புதன்" என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். இப்போது "திருநீற்றுப் புதன்" என்பார்கள். வார்த்தை ஒன்றுதான், ஊரில் கையிலிருந்த வார்த்தை. அதற்குள் வைத்த பொருள் வேறு. போன வருஷக் குருத்து ஞாயிற்றில் பிடித்த ஓலைகளை எரித்த சாம்பல் அது. பூசும்போது, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்ற ஆதியாகம வசனத்தைச் சொல்வார்கள். ஓசன்னா பாடிய ஓலையே சாம்பலாகி நம் நெற்றிக்கு வருகிறது. பிள்ளைக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடியதுதான்.

ஆனால் அந்தத் தம்பி பூசிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சாம்பல் என்றால் இன்னும் பழைய வீட்டு நினைவுதான். ரோமர் 14-ல் பவுல் சொல்வது இப்படிப்பட்டவருக்காகத்தான். மனசாட்சி இடறினால் விட்டுவிடலாம். பூசிக்கொள்கிறவரை அஞ்ஞானி என்று சொல்லாமல் இருந்தால் போதும். இந்த வருஷம் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

கிறிஸ்தவப் பெண் தாலி கட்டிக்கொள்ளலாமா? மோதிரம் போதாதா?

வேதத்தில் தாலியும் இல்லை, கல்யாண மோதிரமும் இல்லை. மோதிரம் ரோமர்களிடமிருந்து வந்தது. வெள்ளைக் கவுன் 1840-ல் விக்டோரியா மகாராணி தன் கல்யாணத்துக்கு உடுத்தியபின் பரவிய மோஸ்தர். மோதிரமும் கவுனும் பரிசுத்தம், தாலி மட்டும் விக்கிரகம் என்றால் கணக்கு இடிக்கிறது. சிலுவையோ புறாவோ பொறித்த தாலியைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பல தலைமுறையாகக் கட்டி வருகிறார்கள்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1970-களில் ஒரு சபையில் (பெயர் வேண்டாம்) ஞானஸ்நானத்துக்கு முன் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். பெரியப்பா அப்போது உயிரோடு இருந்தார். தண்ணீரிலிருந்து ஏறி வந்த பெரியம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் சாகும்வரை எந்தச் சபைக்குள்ளும் கால் வைக்கவில்லை. கழற்றச் சொன்னவருக்கு அது ஒரு நகை. பெரியப்பாவுக்கு அது தன்னையே கழற்றியது போல. அந்த மேய்ப்பர் கெட்டவர் இல்லை, அந்தக் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மோதிரம் மட்டும் போதும் என்று நினைக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அதுவும் சரிதான்.

கோவிந்தர், முனுசாமி என்று இந்து சாமி பெயர் வருகிறது. ஞானஸ்நானத்தில் பெயரை மாற்ற வேண்டுமா?

ரோமர் 16-ஐ எடுத்துப் படியுங்கள். பவுல் வாழ்த்துச் சொல்லும் சகோதரர்களில் ஒருவன் பெயர் எர்மே, கிரேக்க தெய்வம் ஹெர்மஸின் பெயர். பெபேயாள் பெயர் கிரேக்கப் புராணத்தில் வருவது. வேறு நிருபங்களில் வரும் அப்பொல்லோவின் பெயருக்குள் அப்பல்லோ இருக்கிறான். எப்பாப்பிரோதீத்து பெயருக்குள் அப்ரொடைட் இருக்கிறாள். யாரையும் பவுல் பெயர் மாற்றச் சொன்னதாக இல்லை. கிரேஸ் கோவிந்தர் என்று அழகாகவே இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

பெரிய வெள்ளியன்று சித்தப்பா வீட்டில் தீமிதி. கூப்பிடுகிறார்கள். போகலாமா?

வெளியூர்த் தமிழர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். இங்கே ஈஸ்டர் வாரம் அம்மன் திருவிழா வாரமும்தான். மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் அன்றுதான் தீமிதி. கரும்புத் தோட்ட நாட்களில் முதலாளிகள் லீவு விட்ட நாட்கள் அவைதான், அதனால் திருவிழா அங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் சிலுவையின் ஏழு வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே மூன்று மணி நேரத்தில், எங்கள் ரத்த சொந்தங்கள் மஞ்சள் உடுத்தி நெருப்பருகே நிற்கிறார்கள்.

இரண்டாம் இராஜாக்கள் 5-ல் நாகமான் கேட்பதைப் பாருங்கள். குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை மட்டுமே சேவிப்பேன் என்று சொன்னவன், கூடவே ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். என் எஜமான் ரிம்மோன் கோயிலில் குனியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்று மட்டும் சொல்கிறார். இந்த வசனத்தை நிறையப் பேர் வேகமாகத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்வதைச் சொல்கிறேன், சட்டம் போடவில்லை. பெரிய வெள்ளி ஆராதனை முடிந்ததும் சித்தப்பா வீட்டுக்குப் போவேன், கோயிலுக்கு இல்லை. சித்தி தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு களைப்பாய் உட்கார்ந்திருப்பார். புளி நிறைய விட்ட மீன் குழம்பு கொண்டு போவேன். பெரிய வெள்ளிக்கு மீன் குழம்பு வைப்பதில் இந்த ஊரில் மதபேதம் கிடையாது.

ஆடி மாசத்துக் கஞ்சி கொஞ்சம் வேறு. அம்மனுக்குப் படைத்தது என்று சொல்லியே கொடுப்பார்கள். கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ஆனால் படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருக்காக விட்டுவிடு என்பது 1 கொரிந்தியர் 10. நான் சாப்பிடுவதில்லை. "சித்தி, இதை மட்டும் விட்டுடுங்க, டீ போடுங்க" என்பேன். நாற்பது வருஷமாக டீ போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். மறுப்பதைவிட மறுக்கிற முகம்தான் சொந்தத்தை முறிக்கிறது. மூக்கைச் சுளித்துக்கொண்டு பாத்திரத்தைத் தள்ளிய ஒரு மருமகளை அந்த வீட்டில் இன்னும் மறக்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. இன்னும் கீர்த்தனை எதற்கு?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், மன்னிக்கவும்.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சாசனம், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று சொல்லும் பட்டியலில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாசனத்தில் இடம் இருக்கிறது. எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இல்லை. என் பேரன்களுக்கு "வா, சாப்பிடு, போதும்" தெரியும். ஆராதனை ஆங்கிலத்தில், நடுவில் ஒரு ஜூலு கோரஸ், டிரம்ஸ், கீபோர்டு. நன்றாகத்தான் பாடுகிறார்கள்.

என் ஆயா மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர். நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு அது, 1960-களில் குடும்பங்களை அங்கிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஆயா கொண்டுவந்த மூட்டையில் அட்டை கிழிந்த கீர்த்தனைப் புத்தகம் ஒன்று. பல்லவி, அனுபல்லவி, சரணம், மேலே ராகம், தாளம். எங்களுக்கு அது "பழசு". ஆனால் கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசாக இருந்ததுதான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையில் கிறிஸ்தவப் பாட்டுகள் எழுதியவர். புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ்ப் பாட்டையும் பழைய வேத மொழிபெயர்ப்பையும் மாற்ற முயன்றபோது எதிர்த்து எழுதினார். இதைச் சொல்லி "பார்த்தீர்களா, பழசைக் காத்தார்" என்று கைதட்டுகிறவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அதே எதிர்ப்பில், எல்லா ஜாதியும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதையும் அவர் ஏற்கவில்லை. பாட்டை வைத்துக்கொண்டோம், பந்தி வேற்றுமையை விட்டோம். கப்பலில் ஒரே தளத்தில் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது கஷ்டமாகவும் இல்லை.

சரி, பிள்ளைகள். 2023-ல் மின்வெட்டு மிக மோசமாக இருந்தது, தினமும் பல மணி நேரம். ஒரு ஞாயிறு மாலை ஆராதனை நடுவில் கரண்ட் போனது. கீபோர்டு நின்றது, திரையிலிருந்த வரிகள் மறைந்தன. வரிகள் இல்லாமல் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டும் முழுதாக வரவில்லை. இருட்டில் ஒரு நிமிஷம் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம். அப்புறம் பின்னாலிருந்து எண்பது வயது மாமி ஒருவர் கீர்த்தனை ஒன்றை எடுத்தார். நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்தோம். கரண்ட் வருகிறவரை பாடிக்கொண்டிருந்தோம், ஒரு புத்தகமும் இல்லாமல்.

அடுத்த வாரம் கிட்டார் வாசிக்கும் பையன் வந்து, "ஆண்ட்டி, அதை எழுதிக் கொடுங்க" என்றான். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இப்போது மாதம் ஒரு கீர்த்தனை, ஒரு பல்லவி, ஒரு சரணம் மட்டும். அர்த்தத்தை ஆங்கிலத்தில் இரண்டு நிமிஷம் சொல்கிறோம். ழகரம் வரவே மாட்டேன் என்கிறது. கிட்டாரில் ஆனந்தபைரவி கொஞ்சம் காயப்படுகிறது. பரவாயில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: திரையில் போடாதீர்கள், மனப்பாடம் பண்ணுங்கள். அவர்களின் ஆங்கிலப் பாட்டுகளிலும் இரண்டை மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் திரை இருக்காது.

மௌனமாக உட்கார்ந்து தியானம் செய்வது இந்து வழி இல்லையா?

இல்லை. கீழைச் சபைகளின் துறவிகள் ஒரு சின்ன ஜெபத்தை மூச்சோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள்: கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும். பல நூற்றாண்டுகளாக இருக்கும் ஜெபம் இது. கண்ணை மூடுவதற்கு எந்த மதமும் காப்புரிமை வாங்கவில்லை. யாரை நோக்கி மூடுகிறோம் என்பதுதான் விஷயம். சத்தமாக ஜெபித்தே பழகியவர்களுக்கு முதல் வாரம் தூக்கம் வரும். வேலைக்குப் போகும் டாக்சியில் செய்து பாருங்கள், அங்கே போடுகிற பாட்டுச் சத்தத்தில் தூங்க முடியாது.

போனில் வேதம் வாசிப்பது, வாட்ஸ்அப்பில் ஜெபிப்பது இதெல்லாம் கணக்கில் சேருமா?

2020 மார்ச் 26 நள்ளிரவில் நாட்டை அடைத்தார்கள். அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12. சமையலறை மேசையில் மேரி பிஸ்கட்டும் திராட்சை ஜூசும் வைத்துக்கொண்டு, ஜூமில் போதகர் முகத்தைப் பார்த்துத் திருவிருந்து எடுத்தோம். கத்தோலிக்க நண்பர்கள் அப்படி எடுக்கவில்லை, மனதால் நற்கருணை வாங்கும் பழைய ஜெபத்தைச் சொன்னார்கள். அப்போது எனக்கு அது குறைச்சலாகப் பட்டது. இப்போது அப்படி இல்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு அதற்காக ஏங்குவதும் ஒரு ஜெபம். எங்கள் பிஸ்கட் அந்த ஏக்கத்தைச் சீக்கிரமே தணித்துவிட்டது என்று நினைக்கிறேன். இதில் என் போதகர் என்னோடு உடன்படமாட்டார்.

வாட்ஸ்அப் குழு நல்லது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேலானவர்கள் இறந்த வாரத்தில், யார் வீடு போச்சு, யாருக்குப் போர்வை வேண்டும் என்று தெரிந்தது அந்தக் குழுவில்தான். ஜெபக் கைகள் படம் போடுவதோடு நின்றுவிட்டால் மட்டும் நல்லதில்லை. நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். படம் போட்டவர் அந்த வீட்டுக்கு அன்றைக்கே போன் பண்ண வேண்டும். படங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

வேதம் போனில் வாசிக்கலாம். கண் மங்கிய என் கணவருக்குத் தமிழ் ஒலி வேதாகமம் பெரிய ஆறுதல். நடுவில் கிரிக்கெட் ஸ்கோர் எட்டிப் பார்க்கும், அதற்கு மருந்து என்னிடம் இல்லை.

உபவாசம் வெள்ளிக்கிழமை ஏன்? அதுவும் இந்து விரத நாள்தானே?

முதல் நூற்றாண்டின் முடிவையொட்டி எழுதப்பட்ட திதாகே என்ற சின்ன நூலே புதன், வெள்ளி உபவாசத்தைச் சொல்கிறது. கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லச் சொல்வதும் அதே நூல்தான். வெள்ளியை நாம் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை.

டோங்காட்டில் இருக்கும் என் தங்கை வீட்டில் 2022 வெள்ளத்துக்கப்புறம் பல மாதம் குழாயில் தண்ணீர் இல்லை, சுத்திகரிப்பு நிலையம் அடித்துப் போய்விட்டது. அந்த ஈஸ்டரில் "நாற்பது நாள் டீயை விட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். தங்கை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டே, "எங்களுக்கு லெந்து இன்னும் முடியலை, அக்கா" என்றாள். அதிலிருந்து என்ன விட்டேன் என்று யாரிடமும் சொல்வதில்லை. மிச்சமாகும் காசை ஒரு டப்பாவில் போட்டு யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

அபிஷேக எண்ணெய், ஜெபித்த தண்ணீர் பாட்டில் வாங்கலாமா?

வேண்டாம். யாக்கோபு 5-ல் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது, விலைப்பட்டியல் சொல்லவில்லை. இந்த நாட்டில் சபையாருக்குப் புல் தின்னக் கொடுத்தவர்கள், முகத்தில் பூச்சிமருந்து அடித்தவர்கள் எல்லாம் உண்டு. கலாசார, சமய, மொழி உரிமைகளுக்கான அரசு ஆணையம் 2015-ல் இதையெல்லாம் விசாரிக்கத் தொடங்கி 2017-ல் அறிக்கை கொடுத்தது. புதிய முறை என்று இவற்றைச் சொல்வது புதுமைக்கே அவமானம். உங்கள் சபையின் மூப்பர் வீட்டுக்கு வந்து, சமையல் எண்ணெயையே விரலில் தொட்டு ஜெபித்தால் போதும்.

சபை விழாவில் குத்துவிளக்கு ஏற்றலாமா?

ஏற்றலாம். கத்தோலிக்கர்கள் பலகாலமாக ஏற்றுகிறார்கள். உச்சியில் சிலுவை வைத்த விளக்குகள் கடையிலேயே கிடைக்கும். மெழுகுவர்த்திக்குத் தடையில்லை, விளக்குக்குத் தடை என்பது எனக்குப் புரிவதில்லை. கார்பெட்டில் எண்ணெய் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்கிவிட்டு இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறேன். என்ன செய்ய?

ஒன்று பழசு, ஒன்று புதுசு, அவ்வளவு போதும். சாப்பாட்டுக்கு முன் கர்த்தருடைய ஜெபத்தைத் தமிழில் சொல்லுங்கள். போனில் ஒரு வாசிப்புத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் வேறெதையும் சேர்க்காதீர்கள். தவறிய நாளுக்காக மறுநாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்ட வேண்டாம், அது கடன் கணக்கு, ஜெபம் இல்லை.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் பலகாரத் தட்டு அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

வாங்கிக்கொள்ளுங்கள். பூஜையில் வைத்ததா என்று சந்தேகமிருந்தால், எங்கள் தெருவில் கேட்கக்கூட வேண்டியதில்லை. கிறிஸ்தவ வீடு என்று தெரிந்து பக்கத்து வீட்டு அக்கா படைப்பதற்கு முன்பே எங்களுக்குத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் வரை காத்திருங்கள். வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.